நூல் பிடித்து அறுத்த வீடுகள்

பக்தபூர் குவாலாச்சே தெருவில் அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோனால் முதலில் ஆள் அனுப்புவது வக்கீலுக்கு அல்ல, ஆஷாகாஜி சுவாலுக்குத்தான். வக்கீல் பட்டாவைப் பிரித்துக் கொடுப்பார். வீட்டைப் பிரிக்க ஆஷாகாஜிதான் வரவேண்டும்.

பக்தபூரில் மேல்மாடி உனக்கு, கீழ்மாடி எனக்கு என்று பிரிக்கிற வழக்கம் கிடையாது. அப்படிப் பிரித்தால் தெருவாசல் யாருக்கு, மேலே இருக்கிற அடுப்பு யாருக்கு என்று மறுநாளே அடுத்த சண்டை தொடங்கிவிடும். அதனால் கூரையிலிருந்து அஸ்திவாரம் வரை நெட்டுக்குத்தாக ஒரே கோடு. தெருப்பக்கத்தில் இவனுக்குப் பாதி, அவனுக்குப் பாதி. முற்றத்துப் பக்கமும் அப்படியே. பிள்ளைகள் தலையெடுத்துக் கல்யாணம் ஆனதும் அந்தப் பாதி மறுபடி பாதியாகும். அகலத்தில் விட்டதை உயரத்தில் பிடிக்கலாம் என்று மேலே ஒரு மாடியும் ஏற்றிக்கொள்வார்கள். எங்கள் ஊர்க்காரர்களின் புத்திசாலித்தனத்துக்கு அளவே இல்லை.

கோடு போட்டால் மட்டும் பிரிவினை முடிந்துவிடாது. செங்கல்லும் மண்சாந்துமாக எழுப்பிய சுவர்களுக்குள், ஒவ்வொரு மாடியிலும், வீட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு சால் மரக்கட்டை படுத்திருக்கும். சுவர்க்கட்டை என்போம். அண்ணன் பாகத்தில் தொடங்கித் தம்பி பாகத்தில் முடிகிற அந்தக் கட்டை முழுசாக இருக்கிறவரை, பிரிந்துவிட்டதாக எவரும் ஒப்புக்கொள்வதில்லை. நாளைக்கு ஒரு பேரன் வந்து, எங்கள் கட்டை உங்கள் சுவருக்குள் கிடக்கிறதே, இது பிரியாத வீடுதானே என்று வழக்குப் போட்டால் என்ன செய்வது? ஆகவே கோட்டின்மேல் இருக்கும் நாலு செங்கலைக் கழற்றி, கட்டையை அறுத்து, நடுவில் இரண்டு விரல் இடைவெளி விடவேண்டும். பஞ்சாயத்துக்கு வந்த ஐந்து பேர் அந்த இடைவெளியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார்கள்.

ஆஷாகாஜி விவசாயக் குடும்பம். வயலில் காலிஃபிளவர் போட்டார், மிச்ச நாளில் தச்சு வேலை செய்தார். அறுப்பு என்று வந்துவிட்டால் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. கூரையிலிருந்து தூக்குநூல் விட்டு, நாலு மாடிக்கும் முன்சுவரில் நாலு, பின்சுவரில் நாலு என்று எட்டு அறுப்பும் நூல் பிடித்தாற்போல் ஒரே கோட்டில் நிற்கும். எந்தப் பக்கத்துக்கும் ஒரு நெல் அளவு கூடக் குறையாது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. நாக்கும் கொஞ்சம் நீளம்.

துவால் வீட்டை அறுத்த அன்று அவர் மகள் ரத்னசோபாவுக்கு மூன்று வயது. ஹரிபக்த துவால் அண்ணன், பிஷ்ணுலால் தம்பி. தம்பிதான் அளவுக்கயிறோடு பின்னாலேயே அலைந்தார்.

"காஜி, ஒரு கட்டைவிரல் அளவு என் பக்கம் தள்ளி வந்திருக்கே?"

"யார் கட்டைவிரல்? உங்களுதா, உங்க அண்ணனுதா? சொன்னீங்கன்னா அதையும் நடுவுல அறுத்துப் பாகம் போட்டுடறேன்."

கூட்டம் சிரித்தது. பிஷ்ணுலால்கூடச் சிரித்துவிட்டார். அளந்து பார்த்தால் ஆஷாகாஜியின் கோடு மயிரிழை பிசகவில்லை. இரண்டு வீட்டாரும் தனித்தனியாகக் கூப்பிட்டு அவலும் எருமைக்கறியும் வைத்தார்கள், ஐலாச் சாராயம் ஊற்றினார்கள். வேலை முடித்த திருப்தியோடு இரண்டு இடத்திலும் குடித்தார். பின்னால் ஹரிபக்தர் தன் மூத்த மகன் தேஜராமுக்குப் பெண் தேடியபோது, ‘கை சுத்தமான மனுஷன் வீட்டுப் பெண்’ என்று சொல்லித்தான் ரத்னசோபாவைக் கேட்டு வந்தார். இப்படியாக ஆஷாகாஜி தான் அறுத்த வீட்டுக்கே மகளை அனுப்பி வைத்தார். அப்போது அதில் அவருக்குப் பெருமைதான்.

அதுவரை அவர் அறுத்த வீடுகள் முப்பத்தேழு.

கோடை தொடங்கும் பைசாக மாதத்தில் ஒரு சனிக்கிழமை, உச்சி வெயிலுக்குச் சற்று முன்னால், பூமி ஆடியது. ஆஷாகாஜி வயலில் இருந்தார். ஊர்ப்பக்கம் பார்த்தபோது ஊரே தெரியவில்லை, செங்கல் தூசிதான் தெரிந்தது. ஓடிவந்து தன் வீட்டையும் பார்க்காமல் மகள் வீட்டுக்குப் போனார். துவால் வீடு நின்றுகொண்டிருந்தது. ஆறுமாதக் கைக்குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி ரத்னசோபா தெருவில் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த மூன்று நாளும் இடிபாட்டில் ஆட்களை இழுத்தெடுக்கிற வேலை. அவர் அறுத்தவற்றில் பதினோரு வீடுகள் விழுந்திருந்தன. அவற்றுக்குள் ஒன்பது பேர் செத்திருந்தார்கள். வீடு பழசு, மண்சாந்து, நம் தலையெழுத்து என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவரும் அப்படித்தான் பேசினார்.

அந்தக் குளிர்காலத்தில், பழைய வீடுகளைப் பலப்படுத்துகிற ஒரு திட்டத்தில் தச்சர்களுக்கும் கொத்தனார்களுக்கும் பத்து நாள் பயிற்சி நடந்தது. மதியச் சாப்பாடு உண்டு என்றதால் ஆஷாகாஜியும் போனார். சொல்லிக்கொடுத்தவர் யமுனா குருங் என்ற பெண் என்ஜினியர், தூரத்துப் போகராக்காரர். நாலாம் நாள் ஒரு மேசையைக் கொண்டுவந்து வைத்தார்கள். மேசைப்பலகைக்கு அடியில் ஸ்பிரிங். பலகைமேல் விரலளவு செங்கல்லில் மண் வைத்துக் கட்டிய இரண்டு பொம்மை வீடுகள். இரண்டுக்கும் சுவர் நடுவே குழந்தை இடுப்பு அரைஞாண் மாதிரி சுற்றிவர ஒரு மரச்சட்டம்.

யமுனா ஒரு சிறு ரம்பத்தை எடுத்து, இரண்டாவது வீட்டின் சட்டத்தை முன்பக்கம் ஓர் இடத்திலும் பின்பக்கம் ஓர் இடத்திலும் அறுத்தார். பிறகு மேசையைப் பிடித்து ஆட்டினார்.

முதல் வீட்டில் விரிசல் விழுந்தது, மண் உதிர்ந்தது, ஆனால் நின்றது. இரண்டாவது வீடு அறுத்த இடத்திலிருந்து இரண்டாகப் பிளந்து, சுவர்கள் வெளிப்பக்கம் சாய்ந்து, மாடித்தளம் நேராகக் கீழே இறங்கியது. மற்றவர்கள் கைதட்டினார்கள். ஆஷாகாஜி எழுந்து மேசையருகே போய், அறுத்த சட்டத்தை எடுத்துப் பார்த்தார். அறுப்பு அத்தனை நேராகக்கூட இல்லை.

"ரெண்டே இடத்துலதானே மேடம் அறுத்தீங்க?"

"ரெண்டு இடம் எதுக்குண்ணே, ஒண்ணே போதும். மாலையில எத்தனை இடத்துல நூல் அறுந்தா பூ கொட்டும்?"

"அறுத்ததைத் திரும்பச் சேர்த்தா?"

"இரும்புப் பட்டி வச்சு ரெண்டு பக்கமும் போல்ட் முடுக்கினா முக்காவாசி பலம் வந்துடும். பட்டி, போல்ட்டு எல்லாம் நாங்களே சும்மா தர்றோம். வீட்டுக்காரங்க கையெழுத்துதான் வேணும். அதுக்கென்ன, கொடுக்கமாட்டாங்களா?"

போகராக்காரர், பாவம், எங்கள் ஊரைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும்?

அன்று மதியச் சாப்பாட்டை ஆஷாகாஜி தொடவில்லை. வீட்டில் மனைவி ஹேராமாயா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தார்.

"அந்தப் பதினோரு வீட்டையும் நான்தான் தள்ளியிருக்கேன்."

"பூமி தள்ளுச்சு. நீங்க ஏன் குறுக்க போறீங்க?"

"பூமி எல்லா வீட்டையும்தான் ஆட்டுச்சு. நம்ம வீடு நிக்குதே. இதை எவனும் அறுக்கலை."

"அறுக்கச் சொன்னது அவங்க. நீங்க மாட்டேன்னிருந்தா இன்னொருத்தன் வந்து அறுத்திருப்பான்."

"அறுத்திருப்பான்தான். ஆனா அறுத்தது நான்."

ஹேராமாயா கீரையைக் கீழே வைத்தாள்.

"அப்ப நம்ம பொண்ணு இருக்கற வீடு?"

"அதுவும்தான்" என்றார்.

அன்றிலிருந்து அவருக்கு வேறு வேலை இல்லை. மிச்சமிருந்த இருபத்தாறு வீடுகளுக்கும் ஏறி இறங்கினார். முதலில் மகள் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் பெண்ணைக் கொடுத்த இடத்தில் போய், உங்கள் வீடு விழும் என்று எடுத்த எடுப்பில் எப்படிச் சொல்வது? நாலு வீட்டில் சேர்த்துக் காட்டிவிட்டால் அங்கே பேச வாய் இருக்கும் என்று நினைத்தார்.

"முதல்ல அறுக்க வந்தே, இப்ப ஒட்ட வர்றே. இது என்ன வீடா, பிஞ்ச செருப்பா?" என்றார் ஒருவர்.

"கட்டையைச் சேர்த்தா அடுத்து அடுப்பையும் சேர்க்கணும்பா எங்க ஓரகத்தி. அதுக்கு வீடு விழுந்தே போய்ச் சேர்ந்துடறேன், நீங்க கிளம்புங்க" என்றாள் ஒருத்தி.

ஒரு வீட்டில் தம்பி சம்மதித்தார், அண்ணன் ஜப்பானில் இருந்தார். ஃபோனில் பிடித்தபோது, ‘நான் இல்லாதபோது எதைச் சேர்க்கப் பார்க்கிறீர்கள்’ என்று அங்கிருந்தே கத்தினார். யாருக்கும் பூகம்ப பயம் இல்லாமல் இல்லை. தெருவில் வீட்டுக்கு வீடு மரமுட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள், அதற்குக் கீழே குனிந்துதான் நடந்தார்கள். லாரி போனால்கூட வெளியே ஓடிவந்தார்கள். ஆனாலும் சேர்த்த கட்டை என்றால் சேர்ந்த வீடு, சேர்ந்த வீடு என்றால் பழைய வழக்கு. பூமிக்கு பயப்படுவதைவிட அண்ணன் தம்பிக்கு பயப்படுவது எங்களுக்குப் பழகிப்போன விஷயம்.

ஒரே ஒரு வீட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆஷாகாஜி எட்டு பட்டிகளையும் முடுக்கிவிட்டு, அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு அவல் சாப்பிட்டார். ஐந்தாவது மாதம் தம்பி தன் பாகத்தை விற்றார். வாங்கியவர், ‘என் சுவருக்குள் அடுத்தவன் இரும்பு எதற்கு’ என்று சொல்லி எட்டையும் கழற்றி, சாக்கில் போட்டு ஆஷாகாஜியின் வாசலில் வைத்துவிட்டுப் போனார். கோபப்படவும் இல்லை, நன்றி என்றுகூடச் சொன்னார்.

அதற்குமேல் காத்திருக்க ஆஷாகாஜியால் முடியவில்லை. மண்சட்டித் தயிரும் பழமும் வாங்கிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனார். ஹரிபக்தர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்லி நான் மறுப்பேனா சம்பந்தி? அவன் வந்து கேக்கட்டும். தம்பிதானே, வாய் இருக்கில்ல?"

பூகம்பம் வந்து கேட்கட்டும் என்றா காத்திருக்கிறீர்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. பெண்ணைக் கொடுத்தவர், விழுங்கிக்கொண்டார். கீழே இறங்கி, ஒரே சுவரை ஒட்டிய அடுத்த வாசலில் ஏறினார்.

பிஷ்ணுலாலுக்கு மூன்றும் பெண்கள். மூன்று பேரும் அறையில் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஆஷாகாஜியைச் சன்னல் பக்கம் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"காஜி, எனக்குப் பையன் இல்லை. அந்தக் கட்டை சேர்ந்துச்சுன்னா, நான் கண்ணை மூடின பதிமூணாம் நாள் அண்ணன் பசங்க இந்தப் பக்கம் நடந்து வந்துடுவானுங்க. பிரியாத வீடு, பங்காளி சொத்துன்னு சொல்லுவானுங்க. இதுங்க மூணும் எங்க போகும்?"

"இரும்புக்கும் சொத்துக்கும் சம்பந்தமில்லைன்னு எழுதி வாங்கித் தர்றேன்."

"உன் பொண்ணு அந்தப் பக்கம் இருக்கு, ஓடி வந்திருக்கே. தப்பில்லை. அன்னிக்கு அறுக்கறப்ப என் மூத்தவ தொட்டில்ல கிடந்தாளே, அப்ப ஏன் தோணலை?"

"அப்ப எனக்குத் தெரியாது பிஷ்ணு."

"இப்பவும் பாதிதான் உனக்குத் தெரியும். வீடு விழுந்தா எல்லாரும் சேர்ந்து சாவோம். விழாம நின்னா என் பொண்ணுங்க தெருவுல நிக்கும். நீ எதுக்கு முதல்ல பயப்படுவே?"

ஆஷாகாஜி படியிறங்கினார். ஆனாலும் விடவில்லை. வக்கீலிடம் போய், பட்டி முடுக்குவதால் எந்தப் பங்கும் மாறாது என்று எழுதி வாங்கிக்கொண்டு மறுபடி ஹரிபக்தரிடம் வந்தார். அவர் தாளைப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல கையெழுத்து போட்டா, நான் அவன் பங்கைப் பிடுங்க நினைச்சேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா? எனக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லையே சம்பந்தி."

உண்மையில் அவருக்கு அப்படி எண்ணம் இருந்ததில்லை. அதனால்தான் கையெழுத்துப் போடவில்லை.

இப்படி ஆறு வருஷம் போனது. வார்டு அலுவலகத்துக்காரர்கள் தெருமுனையில் ஒரு பச்சைப் பலகை நட்டார்கள். பூகம்பம் வந்தால் ஓடிப்போய்க் கூடவேண்டிய இடம் என்று அம்புக்குறி போட்டிருந்தது. அம்பு காட்டிய முற்றத்தில் யாரோ வீடு கட்ட மணலும் கம்பியும் கொட்டியிருந்தார்கள், மீதி இடத்தில் மோட்டார் சைக்கிள்கள். ஆஷாகாஜி மாதம் ஒருமுறை மகள் வீட்டுக்குப் போய், முன்சுவர் மூலையில் ஓடிய விரிசலின் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவார். ஒவ்வொரு மழைக்கும் கோட்டைத் தாண்டி விரிசல் ஒரு விரல் போயிருக்கும். நிலம் ஆடினால் குழந்தையோடு எந்தக் கதவுக்கு ஓடவேண்டும் என்று மகளிடம் ஒவ்வொரு தடவையும் சொல்வார். அவளும் ஒவ்வொரு தடவையும், "சரிப்பா, சாப்பிட்டுப் போங்க" என்பாள்.

ஏழாவது வருஷம் ஹரிபக்தர் நுரையீரல் நோயில் போய்ச் சேர்ந்தார். இருபத்தாறு வருஷமாக அண்ணன் வாசல் மிதிக்காத பிஷ்ணுலால் ஓடிவந்து அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். பதிமூன்றாம் நாள் சடங்கு முடிந்ததும் அவரே ஆஷாகாஜியைத் தேடி வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"எங்க அந்தத் தாள்? குடு. போட்டுடறேன். அவனே போய்ட்டான், இனிமே யாரோட எனக்கு வழக்கு?"

மனிதர் சன்னல் விளிம்பில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஆஷாகாஜி சாக்கில் கிடந்த எட்டு பட்டிகளையும் எடுத்துத் துருவைத் தேய்த்து எண்ணெய் போட்டார். வயதான காலத்தில் இப்படி ஒரு சந்தோஷமா என்று ஹேராமாயா கேலி செய்தாள். இனி தேஜராமும் அவன் தம்பியும் போடவேண்டிய கையெழுத்துதான் பாக்கி. மருமகன் மறுக்கமாட்டான் என்று அவருக்குத் தெரியும். மறுக்கவும் இல்லை.

வந்தது ரத்னசோபா. குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நேராக வந்திருந்தாள். அவர் எண்ணெய் போட்டு வரிசையாக வைத்திருந்த இரும்பைப் பார்த்துவிட்டு, உட்காராமலே பேசினாள்.

"அப்பா, இதைக் கொஞ்சம் தள்ளி வைங்க. முதல்ல நாங்க பிரியணும்."

"யாரும்மா?"

"நாங்களும் கொழுந்தனும். மாமா போனதும் பேசி முடிச்சுட்டாங்க. பஞ்சாயத்துக்கு ஆள் சொல்லியாச்சு."

ஆஷாகாஜி மனசுக்குள் அளந்தார். முழு வீடு இருபத்துநாலு அடி. ஹரிபக்தர் பாகம் பன்னிரண்டு. அதில் பாதி ஆறு. ஆறடி அகலம், நாலு மாடி உயரம்.

"ஆறடி வீடு நிக்காதும்மா. மேசை ஆட்டிக் காட்டினதை உனக்குச் சொல்லியிருக்கேனே."

"நூறு தடவை சொல்லியிருக்கீங்க."

"அப்புறமும் ஏன்?"

"ஒன்பது வருஷமா அந்த ஓரகத்தியோட ஒரே அடுப்புல நிக்கறேன்பா. என் குழந்தைக்கு எடுத்து வச்ச பாலை அவ மொண்டுக்கிட்டுப் போறா. கேட்டா, பொது வீடுதானேங்கறா. போன வாரம் அவரும் தம்பியும் கைகலந்துட்டாங்க, குழந்தை நடுவுல நின்னு கத்துது. பூகம்பம் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. இது எனக்கு தினமும் வருது."

அவருக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட அதிகமாக, அவள் சொல்வதில் பிசகு கண்டுபிடிக்க முடியவில்லையே என்ற தவிப்பு வந்தது. பிரிவதென்றால் பிரிந்துகொள்ளுங்கள், கட்டையை மட்டும் அறுக்காமல் விடுங்கள் என்று கெஞ்சினார். அறுக்காமல் பஞ்சாயத்தார் கையெழுத்துப் போடமாட்டார்கள், அது அவருக்கே தெரிந்ததுதானே என்றாள் அவள். அடுத்து அவள் கேட்டதற்கு அவர் தயாராக இல்லை.

"நீங்களே அறுத்துக் குடுங்கப்பா. வேற ஆள் வந்தா கோடு அவங்க பக்கம் சாயும். உங்க கைதான் சுத்தம்னு ஊரே சொல்லுது."

"என்னால முடியாது" என்றார். வாழ்க்கையில் மகளுக்கு அவர் மறுத்த முதல் விஷயம் அது.

அவள் அழவில்லை. "சரி, அறுக்கவேண்டாம். வந்து பக்கத்துல நில்லுங்க, போதும்" என்றாள். அதற்கும் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மாசி மாதம் ஒரு காலைப்பொழுதில் பஞ்சாயத்தார் ஐந்து பேரும் வந்தார்கள். அறுப்பதற்கு மின்ரம்பத்தோடு ஓர் இளைஞன் வந்திருந்தான். காதில் பாட்டு மாட்டியிருந்தான். தூக்குநூலைக் கூரையிலிருந்து விட்டு, சுவரில் சுண்ணாம்புக் கோடு போட்டான். கொழுந்தன் ஒரு பக்கம், தேஜராம் ஒரு பக்கம் முறைத்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்து வாசலில் பிஷ்ணுலால் நின்று பார்த்தார்.

ஆஷாகாஜி சுவரைப் பார்க்கக்கூடாது என்று தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கண் பழகிய வேலையைச் செய்துவிட்டது. மூன்றாம் மாடியில் கோடு அரை விரல் இந்தப் பக்கம் வந்திருந்தது. மகள் பாகத்தில் அரை விரல் குறையும். ஆறடியில் அரை விரல்.

சும்மா இருந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தார். ரத்னசோபா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, நூல் காத்துல ஆடியிருக்கு. மூணாம் மாடியில மறுபடி விடு" என்றார்.

இளைஞன் சலித்துக்கொண்டே மறுபடி விட்டான். சரியாக வரவில்லை. ஆஷாகாஜி மாடி ஏறினார். தூக்குநூலின் குண்டை இரண்டு விரலால் பிடித்து, ஆட்டம் நிற்கும்வரை மூச்சை அடக்கி, சுண்ணாம்பை வாங்கித் தானே கோடு போட்டார். பஞ்சாயத்தார் தலையாட்டினார்கள். கொழுந்தன்கூட, "காஜி மாமா போட்டா சரியாத்தான் இருக்கும்" என்றான். ரம்பம் கத்தியது. முன்பெல்லாம் அரை நாள் பிடித்த வேலை, எட்டு அறுப்பும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இடைவெளி வழியாக ஐந்து பேரும் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். ரத்னசோபாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை.

சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகு அவள் அவரை மூன்றாம் மாடிக்குக் கூட்டிப்போனாள். நடுவில் புதிதாகத் தடுத்த பலகை, ஆறடி அகலத்தில் நீளமாக ஓர் அறை. தெருப்பக்கச் சன்னல் முழுசாக இவர்கள் பாகத்தில் வந்திருந்தது. தேஜராம் கீழே இருந்து கட்டிலின் சட்டங்களைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, மிச்சத்தை எடுக்கப் போனான்.

"எங்கப்பா போடலாம் கட்டிலை?"

ஆஷாகாஜி அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். முன்சுவர், விரிசல். பின்சுவர், முட்டு இல்லை. தடுப்புப் பலகைக்குமேல் புது அறுப்பு, மரத்தூள்கூட இன்னும் துடைக்கவில்லை. மறுபக்கம் அவர் என்றைக்கோ போட்ட அறுப்பு. பத்து நாள் பயிற்சியில் கற்றதெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. எந்த மூலையைக் காட்டுவதென்று தெரியவில்லை.

"கதவுகிட்ட போடும்மா. படியை ஒட்டி."

"கதவுகிட்டயா?" ரத்னசோபா சிரித்தாள். "ராத்திரி எழுந்து போறவங்க எல்லாம் இடிச்சுக்கவாப்பா? இங்க பாருங்க, சன்னலோரம் எவ்வளவு வெளிச்சம். குழந்தை படிக்கறதுக்கும் ஆச்சு."

கட்டிலின் ஒரு முனையை அவள் தூக்கினாள். தனியாகத் தூக்க முடியாமல் திணறினாள். ஆஷாகாஜி போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.